விற்பனைக்கு வந்த வீட்டின் படம்: உள்ளே எத்தனை வித்தை இருக்கிறது தெரியுமா?

வீடு விற்கும் அமெரிக்க இணையதளம் ஒன்றில் ஒரு பெட்ரூம் படம். அகலமான கட்டில், சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்பு, அடுக்கி வைத்த ஆறேழு தலையணைகள். போய்த் தொப்பென்று விழலாம் போலிருக்கிறது, இல்லையா? விழுந்துவிடாதீர்கள், இடுப்பு போய்விடும்! அந்தக் கட்டில் வெறும் அட்டையாக இருக்கலாம். மடிப்பைப் பிரித்து நிமிர்த்தினால் கட்டில் உயரத்துக்கு நிற்கிற அட்டைச் சட்டம், அதன்மேல் காற்றடைத்த மெத்தை, அதற்கு மேல் நல்ல துணி விரிப்பு. அவ்வளவுதான் கட்டில்! நிஜக் கட்டிலை மாடிப்படியில் சுமந்து ஏற்ற வேண்டாம். வீடு விற்றதும் காற்றைப் பிடுங்கி, அட்டையை மடித்து, வேனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஹாலில் தொங்கும் டிவி? அதுவும் வெறும் பிளாஸ்டிக் ஓடாக இருக்கலாம். இதற்கென்றே பொம்மை டிவி விற்கிறார்கள். அலமாரி நிறைய அடுக்கியிருக்கும் புத்தகங்கள்? மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் நகரில் பழைய புத்தகங்களை அடிக்கணக்கில் விற்கிற வியாபாரமே நடக்கிறது தெரியுமா? நீலத்தில் ஆறு அடி, வெளிர் பழுப்பில் பத்து அடி என்று நிறம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கு வேண்டும்!

இந்தத் தொழிலுக்கு ஸ்டேஜிங் என்று பெயர். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் உள் அலங்கார வேலையும் பின்னர் வீட்டு விற்பனையும் பார்த்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி 1972ல் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். விற்க வந்தவர்களிடம் “உங்கள் வீடு குப்பையாக இருக்கிறது” என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? நாடகத்துக்கு மேடை அமைப்பதைப் போல வீட்டைத் தயார் செய்வோம் என்று அவர் பேச்சை மாற்றினார். யார் மனமும் புண்படாமல் வேண்டாத சாமான்கள் வெளியேறின. வேலையும் நடந்தது, உறவும் கெடவில்லை. சாதுரியம் என்றால் அதுவல்லவா சாதுரியம்!

லாஸ் ஏஞ்சலிஸின் மெரிடித் பேர் கதை இன்னும் சுவாரசியம். சினிமாவுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தவர். வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஆசை ஆசையாகச் சேர்த்த ஃபர்னிச்சரும் தொட்டிச் செடிகளும் ஏராளம், வைக்க இடமில்லை. நண்பர் ஒருவர் கட்டி முடித்து விற்காமல் வைத்திருந்த காலி வீட்டில் எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கினார். வீடு சடசடவென்று விலைபோனது! 1998ல் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். இன்று ஹாலிவுட் பிரபலங்களின் மாளிகைகள் வரை அவருடைய நிறுவனத்தின் சோஃபாக்கள் போய்வருகின்றன.

சாமான்களை வாடகைக்கு விடுவது சரி. மனிதர்களையே வீட்டு அலங்காரமாகக் குடிவைக்கிற வழக்கம் உண்டு தெரியுமா? 1986ல் தொடங்கிய ஷோஹோம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இதைச் செய்கிறது. விற்கக் காத்திருக்கும் பெரிய பங்களாவில் ஒரு குடும்பம் தன் நல்ல ஃபர்னிச்சருடன் குடியேறலாம். கொடுக்க வேண்டியது அந்த வீட்டின் வாடகையில் சிறு பகுதிதான். ஆனால் நிபந்தனைகளைக் கேளுங்கள். எந்த நேரமும் வீடு படம் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பாத்திரம் தொட்டியில் கிடக்கக் கூடாது, துணி நாற்காலியில் தொங்கக் கூடாது. வாங்குபவர் வருகிறார் என்று தகவல் வந்தால் குழந்தை குட்டியோடு வெளியே கிளம்பிவிட வேண்டும். வீடு விற்றுவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பங்களா! மனிதர்கள் புழங்கும் வீட்டுக்கு ஒரு சூடு இருக்கிறது, காலி வீட்டுக்கு அது இல்லை. அந்தச் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களை மறைத்துவிடுகிறார்கள். இந்தத் துறையில் நான் கேள்விப்பட்டதிலேயே என்னை அதிகம் திகைக்க வைத்த ஏற்பாடு இதுதான்.

சரி, படம் எடுக்கும் நாளுக்கு வருவோம். ஒரு பாத்ரூமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாம்பூ, சோப்பு, டூத்பிரஷ், குப்பைக்கூடை, மிதியடி, கழுவும் பிரஷ் எல்லாம் வெளியே போகும். டாய்லெட் மூடி இறங்கும், இது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். புதுத் துண்டு ஒன்று மூன்றாக மடிந்து கம்பியில் ஏறும். குழாய் ஈரம் போகத் துடைப்பார்கள். பிறகு வருவதுதான் பெரிய தலைவலி: கண்ணாடி! அவ்வளவு சின்ன இடத்தில் எங்கே நின்றாலும் கேமராவும் ஆளும் கண்ணாடியில் தெரிவார்கள். புகைப்படக்காரர் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு, கேமராவை மட்டும் உள்ளே நீட்டி எடுப்பார். அதற்கும் வழியில்லை என்றால் கம்ப்யூட்டரில் தன் பிம்பத்தைத் தானே அழித்துக்கொள்வார். ஒரே ஒரு பாத்ரூமுக்கு இத்தனை பாடு.

ஹாலில் சுழலும் ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் படத்தில் இறக்கைகள் கலங்கித் தெரியும். ஃபிரிட்ஜில் ஒட்டிய காந்தப் பொம்மைகள், குடும்பப் போட்டோக்கள், பட்டமளிப்புப் படங்கள் எல்லாம் இறங்க வேண்டும். காரணம் எளிமையானது. வேறொருவர் குடும்பம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தால், பார்க்கிறவர் தன் குடும்பத்தை அங்கே வைத்துப் பார்க்க முடியாது. அமெரிக்காவின் தேசிய ரியல்டர்கள் சங்கம் 2023ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாங்குபவர் தரப்புத் தரகர்களில் 81 சதவீதம் பேர் இதைத்தான் சொன்னார்கள்: அலங்கரித்த வீட்டைத் தன் எதிர்கால வீடாகக் கற்பனை செய்துகொள்வது வாங்குபவருக்கு எளிதாக இருக்கிறது. எந்த அறையை அலங்கரிப்பது முக்கியம் என்று கேட்டதற்கு ஹாலுக்கு முதலிடம், பிரதான பெட்ரூமுக்கு இரண்டாம் இடம். நம் ஊர்க் கணக்கில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கிச்சன் அங்கே மூன்றாவதுதான்!

இப்போது லென்ஸ். பத்துக்குப் பத்து அறை படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி தெரிகிறதே, எப்படி? 16 மில்லிமீட்டர் வைட் ஆங்கிள் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கேமராவில் பக்கவாட்டில் ஏறக்குறைய 97 டிகிரியை அள்ளிக்கொள்ளும். அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்று எடுத்தால் இரண்டு பக்கச் சுவர்களும் முழுசாக உள்ளே வந்துவிடும். எதிர்ச்சுவர் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். ஆனால் இந்த லென்ஸ் ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போகிறது தெரியுமா? படத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். உருண்டை விளக்கு முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் ஃபிரிட்ஜ் இரண்டு ஃபிரிட்ஜ் அகலத்துக்குப் பருத்திருக்கும். சோஃபாவின் கைப்பிடி நீண்டு வெளியே ஓடும். அறை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அந்த ஃபிரிட்ஜே சொல்லிவிடும். இது கணக்கு, ஏமாற்ற முடியாது! நேர்மையான புகைப்படக்காரர்கள் இதனால்தான் 20, 24 மில்லிமீட்டருக்குக் கீழே போகத் தயங்குகிறார்கள்.

கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. கண் மட்டத்தில் பிடித்தால் தரை அதிகம் தெரியும், கேமரா கீழே குனியும், சுவர்கள் சாயும். நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, மட்டம் பார்த்து நேராக வைத்தால் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். சுவர் சாய்ந்த வீட்டைப் பார்க்கும்போது ஏன் பிடிக்கவில்லை என்று நமக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பிடிக்காது.

வெளிச்சத்தின் கதைதான் எல்லாவற்றிலும் பெரிது. நல்ல வெயிலில் வெளியே இருக்கும் வெளிச்சம், விளக்குப் போட்ட அறைக்குள் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும், கேமரா திணறும். அறையைச் சரியாக எடுத்தால் ஜன்னல் வெள்ளையாக எரியும், ஜன்னலைச் சரியாக எடுத்தால் அறை குகையாகும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று, ஐந்து, சில சமயம் ஏழு முறை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள். நீங்கள் ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போகும் ஹால் படம் ஏழு படங்களின் கூட்டாக இருக்கலாம்!

இது டிஜிட்டல் காலத்து வித்தை என்று நினைத்தீர்களா? 1960ல், லாஸ் ஏஞ்சலிஸ் மலைச்சரிவில் பியர் கோனிக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஸ்டால் ஹவுஸை ஜூலியஸ் ஷுல்மன் படமெடுத்தார். கண்ணாடிச் சுவர் வீடு, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே நகரம் முழுதும் விளக்குக் கோடுகள். உலகிலேயே அதிகம் அச்சான வீட்டுப் படங்களில் இதுவும் ஒன்று. எடுத்த விதம் என்ன தெரியுமா? வீட்டு விளக்குகளை அணைத்தார். பெண்கள் இருட்டில் காத்திருக்க, ஏறக்குறைய 7 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து நகரத்தின் விளக்குகளைப் பதிவு செய்தார். பிறகு அதே ஃபிலிமில் ஃபிளாஷ் அடித்து வீட்டின் உட்புறத்தைப் பதிவு செய்தார். இரண்டு வெளிச்சம், ஒரே படம். இன்றைய தரகர் அனுப்பும் ஆள் ஏழு படத்தைச் சேர்ப்பதும் இதே யோசனைதான். அதுமட்டுமா, தோட்டம் வளராத புது வீடாக இருந்தால் மரக்கிளை ஒன்றை வெட்டி வந்து கேமராவுக்கு முன்னால் உதவியாளரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாராம் ஷுல்மன். படத்தில் வீட்டுக்கு நிழல் தரும் மரம் ரெடி! அந்த ஸ்டால் ஹவுஸ், முதல் முறையாக, 2025 நவம்பரில் 2.5 கோடி டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. மனை வாங்கியது 1954ல் 13,500 டாலருக்கு. விலையில் எவ்வளவு கட்டடத்துக்கு, எவ்வளவு அந்த ஒற்றைப் படத்துக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

இத்தனையும் செய்து எடுத்த படத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? வர்ஜீனியாவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சைலர் என்ற பேராசிரியர் கண்ணசைவைப் பின்தொடரும் கருவியை வைத்தே பார்த்துவிட்டார். 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் கண் வீட்டின் முகப்புப் படத்தில்தான் போய் நின்றது, மொத்தம் 20 விநாடி. தரகர் மெனக்கெட்டு எழுதிய வர்ணனையை நிறையப் பேர் சீண்டவே இல்லை. “காற்றோட்டமான, வாஸ்துப்படி கட்டிய” என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் கவனிக்க!

நிறத்துக்கும் விலைக்கும் சம்பந்தம் உண்டா? 2006ல் தொடங்கிய ஸில்லோ என்ற அமெரிக்க வீட்டு விற்பனை இணையதளம், விற்ற வீடுகளின் படங்களை ஆயிரக்கணக்கில் அலசிப் பார்த்தது. வெளிர்நீல பாத்ரூம் உள்ள வீடுகள் எதிர்பார்த்ததைவிட 5,440 டாலர் கூடுதலாக விலைபோயின என்று 2017ல் அறிவித்தது. கறுப்பு அல்லது கரி நிற வாசற்கதவு என்றால் 6,271 டாலர் கூடுதல் என்றது 2018 அறிக்கை. உடனே பெயின்ட் கடைக்கு ஓட வேண்டாம். கதவுக்கு யோசித்து நிறம் தேர்ந்தெடுக்கிறவர் கூரையையும் குழாயையும்கூடக் கவனமாகப் பராமரித்திருப்பார். கூடுதல் விலை அந்தப் பராமரிப்புக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

வாசனை? வீடு பார்க்க ஆள் வரும்போது அடுப்பில் பிஸ்கட் வேகட்டும், மணம் மயக்கும் என்பது அமெரிக்கத் தரகர்களின் பழைய உபதேசம். சுவிட்சர்லாந்தில், வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடையில், எரிக் ஸ்பாங்கன்பெர்க் குழுவினர் இதைச் சோதித்து 2013ல் வெளியிட்டார்கள். ஆரஞ்சு மணம் மட்டும் பரப்பிய நாட்களில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 20 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார்கள். ஆரஞ்சோடு துளசி வகை, கிரீன் டீ என்று கலவை மணம் பரப்பிய நாட்களில் அந்தப் பலன் இல்லை. மூளை “இது என்ன வாசனை?” என்று யோசிப்பதில் இறங்கிவிடுகிறதாம்! ஆக, பிஸ்கட்டைவிட ஒற்றை ஆரஞ்சு மேல்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு சேதி. வேறு ஆய்வாளர்கள் சிலர் 800க்கும் மேற்பட்ட வீடு வாங்குபவர்களிடம் ஒரே வீட்டைக் கம்ப்யூட்டரில் பலவிதமாகக் காட்டினார்கள். சுவர் நிறத்தை மாற்றினார்கள், நல்ல ஃபர்னிச்சர், மோசமான ஃபர்னிச்சர், காலி அறை என்றும் மாற்றினார்கள். 2015ல் வெளிவந்த இந்த ஆய்வின்படி, அலங்காரம் வீட்டின்மேல் பிரியத்தை ஏற்றியது, கொடுக்கத் தயாராக இருந்த விலையை ஏற்றவில்லை! எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை, இந்தத் தொழிலின் ரகசியமே இதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. படம் வீட்டை விற்பதில்லை. படத்தின் வேலை ஆளை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துவது. வராத ஆளிடம் எந்த விலையையும் கேட்க முடியாதே!

2009ல் அறை வாடகை இணையதளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் கண்டுகொண்டதும் அதுதான். நியூயார்க்கில் அறைகள் ஏன் போகவில்லை என்று பார்த்தால், எல்லாம் மங்கலான செல்போன் படங்கள். நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாங்களே படமெடுத்தார்கள். வாரம் 200 டாலராக இருந்த வருமானம் 400 ஆனது. நிறுவனம் பிழைத்தது.

கட்டிலே இல்லாமல் கட்டிலைக் காட்டுவது அடுத்த கட்டம். காலி அறையைப் படமெடுத்து, சோஃபாவையும் கம்பளத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்துவிடுகிறார்கள். ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியா இதில் முன்னோடி: 2006ல் ஒரு மர நாற்காலியில் தொடங்கியது, 2014க்குள் அதன் தனிப் பொருள் படங்களில் முக்கால்வாசி கேமராவே காணாத கம்ப்யூட்டர் படங்கள்! பகலில் எடுத்த வீட்டை அந்திப் பொழுதுக்கு மாற்றுவது, மேகம் மூடிய வானத்தை நீலமாக்குவது, காய்ந்த புல்லைப் பச்சையாக்குவது எல்லாம் இப்போது சில நொடி வேலை. எதிரே நிற்கும் மின்கம்பத்தைத் துடைத்து எடுப்பதும் அதே நொடிகளில் முடிந்துவிடுகிறது. இங்கேதான் கோடு தாண்டுகிறது. அட்டைக் கட்டிலால் யாருக்கும் நஷ்டமில்லை, அது விற்பனையோடு வருவதாக யாரும் சொல்லவில்லை. மின்கம்பம் அப்படியா? வாங்கியவர் தினம் காலையில் அதைப் பார்த்துத்தான் எழுந்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியா விழித்துக்கொண்டது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, வீட்டு விளம்பரப் படத்தில் பொருட்களைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ அதைப் பளிச்சென்று குறிப்பிட வேண்டும். திருத்தாத அசல் படத்தைப் பார்க்கவும் வழி தர வேண்டும். வெளிச்சம் கூட்டுவது, கோணல் நிமிர்த்துவது போன்ற சாதாரணத் திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. சரியான இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஆசிய நகரங்கள் இதில் இன்னும் முந்திக்கொண்டன தெரியுமா? அங்கே சிக்கல் படத்தில் மட்டுமல்ல, மாதிரி ஃபிளாட்டிலேயே இருந்தது. சுவருக்குப் பதில் கண்ணாடி, கதவே இல்லாத நிலை, அளவு குறைத்துச் செய்த ஃபர்னிச்சர்! ஹாங்காங்கில் 2013 முதல் விதி இது: அலங்கரித்த மாதிரி ஃபிளாட்டைக் காட்ட விரும்பும் கட்டுநர் முதலில் அலங்காரமே இல்லாத மாதிரி ஃபிளாட் ஒன்றைக் கட்டிக் காட்ட வேண்டும். பார்க்க வருகிறவர் அதற்குள் டேப் வைத்து அளக்கலாம், படமும் எடுக்கலாம், தடுக்கக் கூடாது. சிங்கப்பூரும் 2015ல் மாதிரி ஃபிளாட் உண்மை அளவைக் காட்ட வேண்டும் என்று விதி போட்டது.

மாதிரி வீடு ஒன்று உலக அரசியலிலேயே புகுந்த சம்பவமும் உண்டு. 1959 ஜூலை 24, மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் விற்றுக்கொண்டிருந்த வீட்டின் நகல், கூட்டம் உள்ளே நடந்து பார்க்க வசதியாக நடுவே பிளந்து நிற்கிறது. ஃபர்னிச்சர் எல்லாம் மேசிஸ் கடை போட்டது. அங்கே கிச்சனுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்ஸனும் சோவியத் தலைவர் குருஷேவும் முதலாளித்துவமா கம்யூனிசமா என்று வாக்குவாதம் செய்தார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். மாதிரி ஃபிளாட்டைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தியச் சட்டம் துணை நிற்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2016ல் வந்த ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12வது பிரிவு விளம்பரத்தையும் மாதிரி ஃபிளாட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவற்றில் இருந்த பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். வாங்குபவர் விலகிக்கொள்ள விரும்பினால், கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். ஆகவே முன்பணம் கட்டும் நாளிலேயே அந்த விளம்பரத்தையும் படங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள், பிரவுச்சரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மாதிரி ஃபிளாட்டுக்குள் போகும்போது கையில் ஓர் அளவு டேப் இருக்கட்டும். சுவர் சுவராக அளந்து, வரைபடத்தில் போட்டிருக்கும் கார்பெட் ஏரியாவோடு அங்கேயே ஒத்துப் பாருங்கள். பெட்ரூமுக்குள் போனதும் கட்டிலின் நீளத்தை அளக்க மறக்காதீர்கள்: ஆறேகால் அடிக்குக் குறைந்தால், அங்கே உங்கள் வீட்டுக் கட்டில் நுழையுமா என்று விற்பனை ஆளிடமே கேளுங்கள்.